விசாரிப்பு

"ஒரே ஒரு பேரு மக்கா. கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்து, வந்திருக்காளா இல்லியான்னு மட்டும் சொல்லு."

ஜெயபாய் கவுண்டர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள். நாகர்கோவிலில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுவது பெமிலாவின் வேலை. இருவரும் ஒரே சபைக்காரர்கள்.

"யாருக்க பேரு மாமி?"

"ஜெஸ்பின். அஞ்சுகிராமம் ஆன்ட்ரூஸுக்க மக. நம்ம ஸ்டெனிக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்லா. பிள்ளையைப் பாத்தாச்சு, எல்லாருக்கும் பிடிச்சாச்சு. இப்ப ஒருத்தி வந்து சொல்லுகா, அந்தப் பிள்ளையை இங்க நரம்பு டாக்டர் ரூம் முன்னால பாத்தாளாம்."

பெமிலா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதைச் சொல்லக் கூடாது மாமி."

"யாருகிட்ட சொல்லக் கூடாது? எங்கிட்டயா?"

"யாருகிட்டயும்."

ஜெயபாய்க்கு முகம் கறுத்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்பு பெமிலாவின் அப்பா இறந்து வீடு தடுமாறி நின்றபோது, சபைக் கமிட்டியில் இருந்த ராஜையன்தான் ஆஸ்பத்திரியில் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். ராஜையன் ஜெயபாயின் கணவர்.

"உன்னை இந்த நாற்காலியில இருத்தினது யாருன்னு மறந்துபோச்சு, இல்லியா?"

"மறக்கல்ல மாமி. வேற என்ன உதவின்னாலும் செய்யுகேன்."

"எனக்கு இந்த உதவிதான் வேணும். ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு நாள் குறிக்கணும். ஒரு சீக்குக்காரியைக் கெட்டிக்கிட்டு, எனக்க மகன் ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையணுமா?"

"அவங்ககிட்டயே நேரா கேளுங்க மாமி."

"நேரா கேட்டா யாராவது உள்ளதைச் சொல்லுவாங்களாட்டி?"

பெமிலா வரிசையில் நின்ற பெரியவருக்கு டோக்கன் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "வயசுக்கு மூத்தவங்க இவ்வளவு கேக்காங்க, சொன்னா என்ன?" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

ஜெயபாய்க்குத் தெம்பு வந்தது.

"சரி விடு. நீ சொல்லாம இருக்கதிலேயே எனக்கு வெளங்கிப்போச்சு. ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பியே."

"அப்படி அர்த்தம் எடுக்காதீங்க மாமி. இந்த வாசலையே மிதிக்காத ஆளைப் பத்திக் கேட்டாலும் எனக்கு இதே பதில்தான்."

ஜெயபாய் விறுவிறுவென்று வெளியே போனாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கவுண்டரில் புக்கிங் போன் அடித்தது.

"நான் ஜெஸ்பினுக்க அம்மா பேசுகேன்," என்றது ஒரு கட்டைக் குரல். "மகளுக்கு டாக்டர் எழுதின சீட்டைக் காணல்ல. கடைசியா எந்தத் தேதியில வந்தோம்னு பாத்துச் சொல்லு பிள்ளே."

பெமிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஜெயபாய் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பாதி மூடியிருந்தாள்.

"அப்படி ஒரு பேர் இங்க பதிஞ்சிருந்தா, பதிஞ்ச நம்பர்ல இருந்துதான் விளிக்கணும் அம்மா," என்றாள் பெமிலா. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே குரல். "இல்லேன்னா அவங்களே நேர்ல வரணும்."

போன் துண்டானது. ஜெயபாய் திரும்பி வந்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் மேனேஜரைப் பாக்கப் போறேன். நன்றி கெட்டதுகளை வேலைக்கு வச்சா இப்படித்தான். நாளைக்கே உன்னை மாத்தச் சொல்லுகேன்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெமிலாவுக்குக் காது மடல் சிவந்தது. மேனேஜர், ராஜையனின் பழைய சிநேகிதர். சொன்னால் நடக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

அவள் எழுந்து, கவுண்டரின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஜெயபாயை மருந்துக்கடைப் பக்கம், ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

"மாமி, போன செவ்வாய்க்கிழமை ஆன்ட்ரூஸ் வந்திருந்தாரு."

"ஜெஸ்பினுக்க அப்பனா? எதுக்கு?"

"ஸ்டெனி அண்ணனைப் பத்தி விசாரிக்கதுக்கு. இங்க எந்த டாக்டர்கிட்டயாவது காட்டுகாரான்னு கேட்டாரு."

ஜெயபாய் பக்கத்தில் கிடந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"உங்ககிட்ட சொன்னதைத்தான் சொன்னேன். அவரும் மேனேஜரைப் பாக்கப் போறேன்னுதான் கோபப்பட்டாரு."

ஜெயபாய் மேனேஜர் அறைக்குப் போகும் மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பெமிலா தன் இடத்தில் வந்து உட்கார்ந்து அடுத்த ஆளின் பெயரைக் கேட்டாள். அந்த ஆள் டோக்கன் வாங்கிப் போனதும், கண்ணாடிக்கு முன்னால் மறுபடியும் ஜெயபாய் நின்றாள்.

"மக்கா," என்றாள். இப்போது குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"சொல்லுங்க மாமி."

"வாற பதினெட்டாம் தேதி ஸ்டெனிக்கு நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்லா. அன்னைக்குக் கூட்டமா இருக்கும். அவனைப் பேரு சொல்லி விளிச்சிராத, என்னா?"

பெமிலா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு வருசமா அண்ணன் வாறாரு. ஒரு நாளாவது விளிச்சிருக்கேனா மாமி?"