கதவுக்குத் தெரியாத பூனை

கடைக்குள் குட்டி அழும் சத்தம் கேட்டுத் தாய்ப்பூனை ஓடி வந்தது. மிதியடியில் ஆள் ஏறிப் பாரம் அழுத்தினால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, பூனை ஏறியும் அசையவில்லை.

“கதவண்ணே, நான்தான் நிக்கிறேன்!”

“குரல் கேக்குது. மிதியடியில யாரும் இல்லையே?” என்றது கதவு.

பூனை குனிந்து பார்த்தது. நாலு காலும் மிதியடி மேல்தான் இருந்தன.

அப்போது சுமைக்காரர் ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து பூனைக்குப் பக்கத்தில் மிதியடிமேல் இறக்கினார். கதவு உடனே திறந்தது.

“வாங்க, வாங்க!”

“கூப்பிட்டது நான், அண்ணே. இது வெறும் மூட்டை!”

“மிதியடியை அழுத்துறது நீங்கதானே, மூட்டையாரே? குழப்பாம உள்ள வாங்க.”

பூனை ஒன்றும் புரியாமல் உள்ளே ஓடியது.

“யாரது?” என்றது மேசைக்கடியில் கிடந்த குட்டி.

“நான்...” என்று தொடங்கிய தாய், வாசலில் கிடந்த மூட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது.