பச்சை கேட் வீட்டு ரயில்

"பாத்து டாக்டர், அந்தக் குகையை இழுத்துடாதீங்க. அது அடுத்த ரூமுக்குப் போகுது" என்றார் பெரியவர்.

பல் டாக்டர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். உண்மைதான். மேசைமேல் ஓடிய குட்டித் தண்டவாளம், காகிதக் கூழில் செய்த மலைக்குள் புகுந்து, சுவரில் போட்டிருந்த ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போயிருந்தது. ரயில் விடுவதற்காகச் சொந்த வீட்டுச் சுவரை உடைத்த மனிதரை டாக்டர் இப்போதுதான் பார்க்கிறார்.

இத்தனைக்கும் அவரும் ரயில் பைத்தியம்தான். சில வருஷங்களுக்கு முன் கிளினிக்கின் பின்னறையில் அவரும் மருந்துக்கடைக்காரருமாக ஒரு வட்டம் போட்டு ரயில் விட்டபோது, தெரிந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அந்த அறையில் நிற்க இடமில்லை. வக்கீல், நர்ஸ், லாரி புரோக்கர் என்று ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. எல்லோரும் புறாக்கூண்டு மாதிரி ஃபிளாட்டில் இருப்பவர்கள். இஞ்சினே விரல் நீளம்தான் என்பதால், ஓர் ஊரையே செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட முடிகிறது. தலையைச் சாய்த்துத் தண்டவாள மட்டத்தில் கண்ணை வைத்துவிட்டால், வீட்டுக் கவலை, ஆபீஸ் கவலை ஒன்றும் ஞாபகம் வராது.

அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பெரியவரே போன் செய்து, பெரிய செட் ஒன்று இருக்கிறது, சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? டாக்டருக்கு வாயெல்லாம் பல். தெருமுனைக் கடையில் வழி கேட்டபோது, "ரயில் டிரைவர் வீடா? அந்தப் பச்சை கேட்டுதான்" என்று கையைக் காட்டினார்கள்.

ஹாலில் பெரியவரின் மனைவி சோபாவில் காலை நீட்டி, பட்டப்பகலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கம் கெடாமல் இருவரும் பூனை நடை நடந்து இந்த அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு துண்டாகக் கழற்றக் கழற்றப் பெரியவர் பழங்கதை சொன்னார். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் ஒரு வட்டம் மட்டும்தான் இருந்ததாம். அப்போது யார்டில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கிற வேலை. பிறகு கிளைப்பாதையில் பாசஞ்சர் வண்டி கொடுத்தார்கள். இங்கேயும் ஒரு கிளை முளைத்து பீரோவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மலைப்பாதைக்கு மாற்றினார்கள். மலை வந்தது, சுவரில் ஓட்டை விழுந்தது. எக்ஸ்பிரஸ் கிடைத்த வருஷம் கட்டில் ஹாலுக்குப் போய்விட்டது.

"பதவி உயர உயர வீடு சுருங்கிப்போச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இவ்வளவு நீளப் பாதையில் ஓடியது ஒரே ஒரு ரயில்தான் என்பது டாக்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் இரண்டு வண்டி வாங்கி விட்டிருக்கலாமே என்று கேட்டார். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார் பெரியவர். அந்த ஒன்றும் நினைத்த நேரத்துக்கு ஓடாதாம், அசல் வண்டியின் நேரப்படிதான் ஓடுமாம். வார ஓய்வு நாளில் துணி போட்டு மூடி வைத்துவிடுவாராம்.

"பசங்க ரெண்டும் இதைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுங்க. வண்டி குகைக்குள்ள போச்சுன்னா வாயை இறுக்கி மூடிக்கும். வெளிய வந்தாத்தான் அடுத்த வாய்."

அதைச் சொல்லும்போது அவர் முகமே இளமையாகிவிட்டது. டாக்டருக்கும் சின்ன வயதில் ரயில்வே கேட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்தது ஞாபகம் வந்தது. அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று ஏக்கமாகக்கூட இருந்தது.

பெரியவர் குகை வாயைத் தடவிக் கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில் அசல் பாதையில் இந்த இடத்தில்தான் மண் சரிந்து, வண்டி ராத்திரி முழுக்க நின்றுவிட்டதாம்.

"பயந்துட்டீங்களா?"

"உசுரே இல்ல டாக்டர். காலையில வண்டி நகந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு."

ஒரு மனிதரின் ஆயுசு முழுவதையும் அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக நாம் யார் என்று டாக்டருக்குத் தோன்றியது. ஹாலில் தூங்குகிற அம்மாள்மேல் கோபமும் வந்தது. இடத்தை அடைக்கிறது என்று அவர்தான் நச்சரித்திருக்க வேண்டும். டாக்டர் கையிலிருந்த இஞ்சினைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"ஐயா, எனக்கு மனசு கேக்கல. வீட்ல அம்மா சொன்னாங்கன்னு இதைக் குடுத்துடாதீங்க. எத்தனை வருஷம் ஓட்டின வண்டி! இது இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

பெரியவர் புரியாமல் விழித்தார். பிறகு, சத்தம் ஹாலுக்குக் கேட்காமல் சிரித்தார்.

"நான் எங்க டாக்டர் வண்டி ஓட்டினேன்? நான் பசங்களை வச்சுக்கிட்டு வீட்டோட கெடந்தவன். டிரைவர், அதோ சோபாவில தூங்கறாளே, அவதான். போன மாசம் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்துட்டா. இந்நேரம் அவ எந்த ஸ்டேஷன்ல இருப்பான்னு இனிமே நான் எதுக்கு ரயில் விட்டுப் பாக்கணும்?"