கூப்பிடு தூரம்

மிதவை தாழ்ந்தது.

கல்லாக இருக்கும் என்று நினைத்தாள். காலையிலிருந்து ஆற்றின் அடியில் கிடந்த கற்களைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கல் நகர்ந்தது.

தூண்டில் வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. தங்கூசி நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நடு ஆற்றில் ஒரு முதுகு புரண்டது. செம்பு நிறம். அவள் கை நீளத்துக்குக் குறையாத சால்மன்.

ஐம்பத்தொரு வயதில் அவள் பிடித்த முதல் மீன். இன்னும் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

முட்டையிட ஆறேறி வரும் சால்மன் பசிக்குக் கடிக்காது, எரிச்சலில்தான் கடிக்கும் என்று காலை வகுப்பில் சொன்னார்கள். அதன் எரிச்சலுக்கு அவள்தான் அகப்பட்டாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அதை மூன்று தடவை சொன்னார்கள். மீன் மாட்டினால் கத்த வேண்டும். கத்தினால்தான் மற்றவர்கள் தங்கள் நூலைச் சுருட்டி வழி விடுவார்கள். கத்தினால்தான் வலையோடு நிற்பவர் வருவார். பழகாதவர் தனியே நின்று சால்மனைக் கரையேற்ற முடியாது. வெட்கப்படாமல் வாயைத் திறந்து கத்துங்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

முப்பது அடி கீழே, முழங்கால் அளவு தண்ணீரில், செம்மஞ்சள் அங்கியோடும் நீண்ட பிடி போட்ட வலையோடும் நின்றவள் நிரஞ்சலா. அண்ணனின் மனைவியாக இருந்தவள். பதினேழு வருடம் இவர்கள் இருவரும் மச்சாள்மார். அண்ணன் பிரிந்த பிறகு என்ன முறை என்று எந்தச் சொந்தக்காரரும் சொல்லித் தரவில்லை.

நிரஞ்சலாவுக்காகத்தான் வந்தாள். ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஒக்டோபர்க் குளிரில். மீன்பிடியில் அவளுக்கு ஓர் ஆசையும் கிடையாது. சமையலுக்கே வெட்டிய மீன்தான் வாங்குவாள். புதியவர்களுக்கான ஒருநாள் வகுப்பு என்ற விளம்பரத்தில், தொண்டர்களின் படத்தில், அந்த முகத்தைக் கண்டாள். அன்றே பெயரைக் கொடுத்தாள்.

கண்டதும் என்ன சொல்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் ரப்பர் காற்சட்டை கொடுத்தது நிரஞ்சலாதான். எல்லாரிடமும் அளவு கேட்டாள். அவளிடம் கேட்கவில்லை. சரியான அளவை எடுத்து நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

மீன் கீழ்நோக்கித் திரும்பியது. நூல் விறைத்தது.

நாலு வருடத்துக்கு முன், அந்தப் பிரிவைப் பேசப் பெரியவர்கள் கூடியிருந்த அன்று, மாமா அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் நிரஞ்சலா மேல் கை நீட்டியதை நீ கண்டாயா என்று.

கண்டிருந்தாள். இரண்டு தடவை.

அறையின் மறுபக்கத்திலிருந்து நிரஞ்சலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். மேலே பாலாடை படிந்திருந்தது.

அந்த மௌனத்தை எல்லாரும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள். அது பெரிய துரோகம். அவளுக்கு அது அன்றே தெரியும்.

தூண்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

நிரஞ்சலா திரும்பினாள். வளைந்த தூண்டிலைக் கண்டாள். வலையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள்.

ஆனால் வரவில்லை. கூப்பிடாமல் வலையோடு போனால் மீன் மிரளும், கூப்பிட்ட பிறகுதான் போக வேண்டும். அதுவும் வகுப்பில் சொன்னதுதான். நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தாள்.

அதே பார்வை.

படக்கென்று தூண்டில் நிமிர்ந்தது. நூல் காற்றில் சுருண்டு வந்து அவள் கழுத்தில் விழுந்தது.

ஆறு பழையபடி ஓடியது. சிவந்த மேப்பிள் இலைகள் மிதந்து வந்தன.

அப்போதுதான் கத்தினாள்.

“மச்சாள்!”

கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல் அங்கே யாருக்கும் புரியவில்லை. ஆனால் யாராவது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராக நூலைச் சுருட்டினார்கள். ஒன்பது தூண்டில்கள், இல்லாத ஒரு மீனுக்கு வழி விட்டு நின்றன.

தூண்டில் நிமிர்ந்ததை மச்சாள் கண்டிருப்பாள். மூன்று இலையுதிர்காலமாக வலையோடு நிற்கிறவள் அதைக் காணாமல் இருக்க முடியாது.

வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராக, ஒவ்வோர் அடியாக வந்தாள்.

வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

“நான் கண்டனான், மச்சாள். ரெண்டு தரமும்.”

மச்சாள் வலையின் பிடியைக் கக்கத்தில் இடுக்கினாள். அவள் கழுத்திலிருந்து நூலை எடுத்து நுனியைப் பார்த்தாள். பன்றி வாலைப்போல் சுருண்டிருந்தது. ஊசியைக் கட்டிய முடிச்சு, உலர்ந்தபடியே இறுக்கியதால் வழுக்கிக் கழன்றிருக்கிறது. எச்சிலில் நனைத்துத்தான் இறுக்க வேண்டும் என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள். அருவருப்பில் அவள் அதைச் செய்யவில்லை.

மச்சாள் பையிலிருந்து புதிய தூண்டில் ஊசி எடுத்தாள். நூலில் முடிந்தாள். முடிச்சைத் தன் வாயில் வைத்து நனைத்தாள். மெதுவாக இழுத்து இறுக்கினாள். பிறகு நூலை அவள் கையில் கொடுத்தாள்.

“அடுத்ததுக்குக் கொஞ்சம் முந்திக் கூப்பிடும்.”

சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

முப்பது அடியும் போகவில்லை. பதினைந்தில் நின்றாள்.