எமிலின் ப்யூக்

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூருக்குக் குடிவந்து ஓராண்டாகியும் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. எதிரே வரும் வண்டிக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இரண்டு விரல்களை உயர்த்துவது அங்கே வணக்கம். எங்கள் குட்டிக் காருக்கு ஒரு விரல்கூட உயர்ந்ததில்லை.

இந்தக் கோடையில், இறந்துபோன எமில் வோண்ட்ராவின் சிவப்பு ப்யூக் காரை அவர் மனைவி லிபியிடம் வாங்கினோம். படகு போல நீளம், முன்சீட்டே ஒரு சோபா. லிபி பம்பரிலிருந்த நெளிசலைத் தட்டிக்கொடுத்தாள்.

"கோழிக்கூண்டுல இடிச்சது. விரலத் தூக்காம போயிடாதப்பா, எம் மனுஷனுக்குக் கோவம் வந்துடும்" என்று சிரித்து, பழம் வைத்த கொலாச்சி ரொட்டிகளைப் பொட்டலமாகக் கொடுத்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் விரல்கள். டிராக்டர்காரர் தூக்கினார், பால் வண்டிக்காரர் தூக்கினார், ஷெரிஃப்கூடத் தூக்கினார்.

"ராஜா மாதிரி போறியே!" என்றாள் என் மனைவி டெல்லா, வாய் நிறைய ரொட்டியோடு.

"மரியாதை வண்டிக்குடி. எனக்கில்ல."

சரளைக்கல் சாலையில் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால் புழுதி மர உயரத்துக்கு எழுந்தது. எதிரே இன்னொரு சிவப்பு ப்யூக் வந்தது. தொப்பி போட்ட கிழவர் என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து, இரண்டு விரல்களை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

"பம்பர்ல அதே நெளிசல்!" என்று டெல்லா என் தொடையில் அடித்தாள். "இது வண்டிக்கில்லடா. உனக்குத்தான்!"

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. முன்னால், அவர் வந்த சாலையில், துளிப் புழுதி இல்லை.