துக்கம் கேட்க வந்தவர்கள்

ஆம்புரோஸ் செய்வது பித்தலாட்டம்தான். அது அவருக்கே தெரியும்.

தாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபின் மூலைக்கொருவராகச் சிதறியவர்கள் இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறார்கள். அதில் 'என் மனைவி கார்மென் காலமானாள்' என்று அவர் ஒரு திரி, அதாவது மற்றவர்கள் அடியில் பதில் எழுதும் பதிவு, தொடங்கி ஐந்து வருடமாகிறது.

அவ்வப்போது அதன் அடியில் 'நன்றி' என்று எழுதுவார். உடனே திரி பட்டியலில் மேலே ஏறி வந்து நிற்கும். கடைசிப் பதிலின் தேதியைத்தான் மன்றம் காட்டும். நேற்று நடந்த சாவென்று நினைத்து நாலு பேர் ஓடி வருவார்கள். எப்போது கேள்விப்பட்டாலும் துக்கம் கேட்டுவிடுவதுதானே நம் ஆட்களின் வழக்கம்.

'சாப்பிட்டீங்களா அண்ணே?' என்று யாராவது எழுதினால் போதும், செமோரில் அவர் தனியாக இருக்கும் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கும். மற்ற நாளெல்லாம் தொலைக்காட்சிதான் பேச்சுத்துணை.

இதற்கு வேட்டு வைத்தவள் அதே மன்றத்தில் இருக்கும் புஷ்பலதா.

"எப்பவோ வித்துப்போன மோட்டார் சைக்கிள், இப்பதான் விக்கப் போட்டிருக்காங்கன்னு நெனச்சு சிம்பாங் பூலாய் வரைக்கும் போய்ட்டு வாரேன்! ஒவ்வொரு திரிக்கும் தொடங்கின தேதியப் போடுலா கென்னத்து!" என்று எழுதிவிட்டாள்.

மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் கென்னத், ஞாயிற்றுக்கிழமைக்குள் மென்பொருளை மாற்றிவிடுவதாகச் சொன்னான்.

ஆம்புரோஸ் உடனே அவனுக்குப் போன் போட்டார்.

"தேதி எதுக்குப்பா? இப்ப நல்லாத்தானே இருக்கு?"



"எல்லாரும் கேக்குறாங்க அங்கிள். பாக்குறேன்லா."

ஞாயிறு போனது. தேதி வரவில்லை. மாதங்கள் போயின. அப்போதும் வரவில்லை. 'சோம்பேறிப் பயல், நல்லா இருக்கட்டும்' என்று வாழ்த்திவிட்டு, ஆம்புரோஸ் வழக்கம்போல் 'நன்றி' போட்டார். முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். 'இப்பதான் கேள்விப்பட்டேன் அண்ணே' என்று புஷ்பலதாகூட எழுதியிருந்தாள்.

ஒருநாள் ஈப்போ தேவாலயத்தில் பூசை முடிந்து நின்றபோது அவர் போனில் சார்ஜ் இல்லை. கென்னத்தின் மனைவி பெட்ரீசியாவிடம் போனை வாங்கி மன்றத்தைத் திறந்தார்.

திரிக்குத் திரி தேதி. அவருடைய திரிக்குப் பக்கத்தில், ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

"இது எப்பம்மா வந்துச்சு?"

பெட்ரீசியாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அப்பவே வந்துடுச்சு அங்கிள்."

"என் போன்ல காணோமே! அப்ப, இப்பதான் கேள்விப்பட்டேன்னு எழுதினவங்கல்லாம்?"

"உங்களுக்கு மட்டும் தேதி தெரியக்கூடாதுன்னு கென்னத்துகிட்ட சொன்னதே அவங்கதான் அங்கிள். எங்களுக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா, நீங்க எழுதுறத நிறுத்திடுவீங்களாம்."