ஒரு மணிக்குக் குறையும் காற்று

ஆபரேஷன் தியேட்டரில் கிருமியை விரட்டும் காற்றுக்கு விலை, மணிக்கு அறுபது ரூபாய் கரண்ட். கணக்குப் பார்த்து, மதியம் ஒரு மணியானால் அதைப் பாதியாகக் குறைக்க டைமர் வைத்தவர் ஆஸ்பத்திரி மேனேஜர் பவுல்துரை. டாக்டரிடம் ஃபீஸ் பேரம் பேசியே தன் குடலிறக்க ஆபரேஷனைப் பன்னிரண்டரைக்குத் தள்ளியவரும் அவர்தான். இப்போது மார்புக்குக் கீழே மரத்துப்போய், வயிறு திறந்தபடி மேசையில் கிடக்கிறார். மணி ஒன்று. சுவரோரக் கம்பிவலையில் காற்றோட்டம் தெரியக் கட்டிய மஞ்சள் பட்டிழை, ஆட்டம் அடங்கித் தொங்குகிறது. “டைமர் பெட்டி சாவி எங்க சார்?” என்கிறாள் நர்ஸ் சாரா. “சட்டைப் பையில. சட்டை என் வீட்டுக்காரிகிட்ட. அவ மார்க்கெட்டுக்குப் போயிருக்கா.” “அவங்களும் பேரம் பேசாம திரும்ப மாட்டாங்களே” என்கிறார் டாக்டர், ஊசியில் நூல் கோத்தபடி. மேனேஜருக்கு வியர்வை காதுக்குள் இறங்குகிறது. துடைக்க முடியாமல் இரண்டு கையும் கட்டியிருக்கிறது. பவுல்துரை இழையையே பார்க்கிறார். இந்த மாதக் கரண்ட் மிச்சம் நாலாயிரத்து இருநூறு. பாக்கி, ஆறு தையல்.