பொலிஞ்ஞானோவில் எடுத்த படம்

ஷொரேனாவின் செல்போனில் என் முகம் இருந்தது.

பொலிஞ்ஞானோவில் கடலோரப் பாறைமேல், காற்றில் முடி பறக்க, வாயெல்லாம் பல்லாக நான். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர். நேற்று மாலை ஆறு மணிக்குப் போட்டிருக்கிறாள். அதற்குள் அறுபது எழுபது லைக்.

துறைமுகத்து உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை கழுவப் போயிருந்தாள். மேஜையில் விட்டுப்போன போன் தானாக ஒளிர்ந்ததால் கண்ணில் பட்டது.

மூன்று வருடமாக என்னை யாரும் படம் எடுத்ததில்லை. நேற்று மட்டும் ஒப்புக்கொண்டேன். எனக்கே எனக்குத்தான், யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லித்தான் எடுத்தாள்.

இத்தாலியின் பாரி நகரத்தில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என்னைப்போல ஜார்ஜியாவிலிருந்து வந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் இங்கே இதே வேலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் கூடுவார்கள். நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. யாராவது ஒருத்தி ஊருக்குப் போன் பேசும்போது என் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

நான் இருக்கும் இடம் தெரிந்தவள் ஷொரேனா ஒருத்திதான். என் கணவன் மெராப் வெளியே பூட்டிவிட்டுப் போன கதவைத் திறந்து, என்னை விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். அவன் எத்தனையோ தடவை கேட்டும் தெரியாது என்றே சொல்லி வந்தாள்.

அவள் வருகிறாள் என்பதற்காகப் பெரியவரின் மகள் எனக்கு முழுசாக இரண்டு நாள் விடுமுறை கொடுத்தாள். நேற்றுக் காலை முதல் ரயிலிலேயே பொலிஞ்ஞானோ போனோம். உதடு நீலமாகும்வரை நீந்தினோம். மதியச் சாப்பாடே ஐஸ்கிரீம்தான். தொப்பி விற்பவனிடம் இவள் ஜார்ஜியனில் பேரம் பேச, அவன் இத்தாலியனில் பதில் சொல்ல, இரண்டு பேரும் எப்படியோ ஒரு விலைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தாள்.

அதைப் போட்டது மாலை ஆறு மணி. இப்போது மறுநாள் பகல் ஒன்று.

ஜார்ஜியாவில் குத்தாயிசி நகரத்திலிருந்து பாரிக்கு நேர் விமானம் உண்டு. காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். ஷொரேனா வந்ததும் அதில்தான்.

துறைமுகச் சுவரோரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன்காரர்கள் சதை இளகுவதற்காக ஆக்டோபஸைக் கல்லில் அறைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் என் தோள் தூக்கிப் போட்டது. கூட்டத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். தடித்த பிடரி, கட்டை முடி. அவன் திரும்பும்வரை நான் மூச்சு விடவில்லை. வேறு யாரோ.

முன்பு ஒருமுறை ஜார்ஜியாவிலேயே பத்தூமி என்ற ஊரில் ஒளிந்திருந்தேன். இரண்டே நாளில் மெராப் வந்துவிட்டான். கத்தவில்லை. காரில் வழியெல்லாம் பாட்டுப் போட்டான், சோளம் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என் கையைப் பிடித்தான். இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது.

ஷொரேனா ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தாள். நான் பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றிருந்தேன். போனை அவள் முன்னால் நீட்டினேன்.

"இதை எடுடி. இப்பவே எடு."

அவள் போனை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எடுக்க வேணாம். ஊரே பாக்கட்டும்னுதான் போட்டேன்."

அவளும் அவனோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்பதுகூட ஒரு கணம் மறந்துபோனது.

"மெராப் செத்துட்டான். நாப்பதாம் நாள் முடிஞ்சுதான் கிளம்பி வந்தேன்."

பெட்ரோல் பங்கில் கார் நின்றபடியே இருந்ததாம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கி வந்து பார்த்தார்களாம். மாரடைப்பு. வந்து இறங்கியதுமே சொல்ல நினைத்தாளாம். நான் சிரிப்பதைப் பார்த்ததும் இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று இருந்துவிட்டாளாம்.

எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. என்னை வெளியே வரவழைக்க மெராப் தான் செத்துவிட்டதாகவே வதந்தி கிளப்பிவிடக் கூடியவன். இவளையும் ஏமாற்றியிருப்பான் என்றுதான் தோன்றியது.

எங்கள் ஊரில் பிணம் நாலைந்து நாள் வீட்டில் இருக்கும். வருகிறவர்கள் பெட்டியைச் சுற்றி வருவார்கள். தலை குனிந்தபடியே சுற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

"மூஞ்சியப் பாத்தியா? அவன்தானா? நல்லாத் தெரியுமா?"

"நீ இதைக் கேப்பேன்னு தெரியும்," என்றாள். "அவனேதான். தலை வாரிவிட்டது நான். கண்ணை மூடிவிட்டதும் நான்தான்."

அப்போதுதான் பையோடு அப்படியே உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. திரும்பவும் போய் வந்தது.

எதிரே ஷொரேனா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்த்தாளே தவிர, ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தவள். நான் அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மெராப் அவளுக்கு ஒரே அண்ணன்.